நன்று என்று எழுதிய பதினொரு நாள்கள்

என் அக்காவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பதின்மூன்று ஆண்டுகள் அவர் எந்தக் கிணற்றுக் கயிற்றையும் தொடவில்லை. அதற்குக் காரணமானவன் நான் என்பதை அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு தொலைக்காட்சி நாடகம் தேவைப்பட்டது என்று எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நடந்தது அதுவே.

வெளிநாட்டிலிருக்கும் என் மகள் சென்ற பங்குனியில் வந்து மூன்று கிழமை நின்றாள். போகும்போது தொலைக்காட்சியில் இணையத்தைப் பொருத்திக் கொடுத்து, "அப்பா, நீங்கள் செய்தி ஒண்டைத்தானே பாக்கிறனீங்கள். இதையும் ஒருக்காப் பாருங்கோ. உண்மையில நடந்தது" என்று ஒரு தொடர்நாடகத்தைக் காட்டிவிட்டுச் சென்றாள். சோவியத் நாட்டில் முன்னொரு காலம் அணு உலை வெடித்த கதை அது. அந்த விபத்தைப் பற்றி அக்காலத்தில் வானொலியில் ஓரிரு வரிகள் கேட்ட நினைவு எனக்கு இருந்தது. அதற்குமேல் நினைவில்லை. அந்த ஆண்டுகளில் எங்கள் தீவுகளுக்கு எங்கள் சொந்தப் போர் நெருப்பே போதுமானதாயிருந்தது.

அக்காவின் வீடு எங்கள் வீட்டு வேலிக்கு அப்பால். காலை பத்தரை மணிக்கு வெயில் ஏறியதும் அவர் பொட்டுக்குள்ளால் நுழைந்து வருவார். வேலியில் ஆள் நுழையுமளவு விட்டிருக்கும் வழியைத்தான் நாங்கள் பொட்டு என்கிறோம். வந்து, காற்றாடிக்குக் கீழே கிடக்கும் சாய்மனைக் கதிரையில் இருந்துவிடுவார். வேலணைச் சந்தைக்குப் போய் வரவும் கால் ஏலாத வயதில் இருவருக்கும் வேறு பொழுதுபோக்கு இல்லை. என் மனைவியையும் அழைத்தோம்.

"நீங்கள் ரெண்டு பேரும் அந்த உலையைப் பாருங்கோ. நான் என்ர உலையைப் பாக்கிறன். அரிசி குழையப் போகுது" என்று அவர் குசினிக்குள் போய்விட்டார்.

நாடகத்துக்குத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். அக்கா சிறிது நேரம் உற்றுக் கேட்டார்.

"என்ன தம்பி, உந்த வெள்ளையள் எல்லாம் இந்தியாத் தமிழ் கதைக்கிறாங்கள்?"

"அங்கதான் அக்கா குரல் குடுக்கிறவை."

"எங்கட ஆக்கள் ஒருத்தரையும் கூப்பிடேல்லைப் போல. கூப்பிட்டிருந்தா உவன் இவ்வளவு மரியாதையாப் பேச மாட்டான்" என்றார். திரையில் ஒரு மேலாளர் தொழிலாளி ஒருவனை வைதுகொண்டிருந்தார்.

அக்கா இப்படித்தான் பேசுவார். வாய் ஓயாத, சிரிக்கத் தெரிந்த மனுசி. அவருக்குள் அந்த ஒரு விடயம் கல்லாகக் கிடப்பதை வெளியார் எவரும் அறியமாட்டார்கள்.

அந்த விடயத்தை இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தீவில் நன்னீர் என்பது உப்புநீரின்மேல் மிதக்கும் ஓர் ஆடை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீருக்கு மேல் மெல்லிய படையாக நிற்கிறது. மேலால் பதமாக அள்ளினால் ஆண்டு முழுவதும் குடிக்கலாம். ஆசைப்பட்டு ஆழத்திலிருந்து இழுத்தால் கீழே இருப்பது ஏறி வந்துவிடும். ஏறினது இலேசில் இறங்காது. ஆகவே நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு முறை உண்டு. காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம் அள்ளலாம். இடையில் கிணறு ஊறவேண்டும். இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் நாங்கள் கற்கவில்லை.

எங்கள் குறிச்சியில் அப்படிப்பட்ட கிணறு ஒன்றே ஒன்று. அது அக்காவின் வளவில் இருந்தது. கிணற்றடியில் வைரவருக்கு ஒரு சூலம் நட்டிருந்தது. விடியற்காலையில் அந்த வளவுக்குரிய வீட்டுப் பெண் முதல் வாளியைத் தன் கையால் அள்ளிச் சூலத்துக்கு ஊற்றிய பின்னர்தான் மற்றவர்கள் தண்ணீர் அள்ளுவார்கள். அக்கா கலியாணம் செய்து அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து, இடம்பெயர்ந்து திரிந்த ஆண்டுகள் நீங்கலாக, அதைச் செய்துவந்தார்.

மீள்குடியேறிய பின்னர் ஊரவர்கள் கூடி ஒரு நீர்க் குழு அமைத்தோம். அக்காவும் அவர் கணவரான அத்தாரும் கிணற்றைப் பொதுவுக்குக் கொடுத்தார்கள். இறைக்கும் மிசின் ஒன்று வந்தது. தண்ணீர் இல்லாத குறிச்சிகளுக்கு ஏற்றிச் செல்லப் பவுசர் என்னும் தாங்கி வண்டி வந்தது. மிசினுக்குப் பொறுப்பாக என்னை வைத்தார்கள். ஐந்தாம் வகுப்புக்குமேல் பள்ளிக்குப் போகாதவன் நான். எழுதப் படிக்கப் பழகியது பழைய பத்திரிகைகளில். என்னை நம்பி ஒரு பதிவேட்டைத் தந்தபோது எனக்குண்டான பெருமையை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஒவ்வொரு நாளும் மிசின் ஓடிய நேரம், நீரின் மட்டம், நீரின் சுவை என மூன்று நிரல்களை நிரப்ப வேண்டும். சுவை என்ற நிரலில் வாயில் வைத்துப் பார்த்து நான் எழுதிய சொல் எப்போதும் ஒன்றுதான்: நன்று.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஆவணியில் கடும் வரட்சி. அதே ஆவணியில் அத்தார் காலமானார். அக்காவின் வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு. துடக்கு வீட்டார் பொதுக்கிணற்றில் கை வைப்பதில்லை. மைத்துனன் என்பதால் எனக்குத் துடக்கு இல்லை. நான் மிசினை ஓட்டிக்கொண்டிருந்தேன். பவுசர் வரிசை நீண்டது. "கொஞ்சம் கூட ஓட்டுங்கோ அண்ணை, சனம் தண்ணிக் கானோட நிக்குது" என்று குழுவில் சொன்னார்கள். சனம் நின்றது உண்மை. நான் காலை ஆறு மணிக்குத் தொடக்கினால் மதியம் வரை நிறுத்தவில்லை. பின்னேரமும் அப்படியே. ஊற விடவில்லை.

பவுசர் ஓட்டியவர் மண்டைதீவுக்காரர். ஒரு காலை அவர் குழாயில் வாயை வைத்துக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, தண்ணி கரிக்குதெல்லே?"

"வெத்திலை போட்ட வாய்க்கு எல்லாம் கரிக்கும்."

"நான் இண்டைக்கு இன்னும் வெத்திலை போடேல்லை."

"அப்ப நேத்துப் போட்டதாக்கும். எடும் வண்டியை."

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பின் நான் ஒரு கை அள்ளிக் குடித்தேன். நாக்கின் அடியில் அது இருந்தது. எனக்கு ஐயமே இல்லை. எங்கள் தீவில் பிறந்தவன் எவனும் அந்த ருசியைத் தவறவிட மாட்டான். அன்றும் பதிவேட்டில் நன்று என்றே எழுதினேன். மறுநாளும் எழுதினேன். மழை வந்துவிடும், கிணறு தன்பாட்டில் மாறிவிடும் என்று நினைத்தேன். அதைவிட, மிசினை நிறுத்திவிட்டு, நான் தவறிவிட்டேன் என்று அந்தச் சனத்தின் முன் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவ்வாறு பதினொரு நாள்கள். பன்னிரண்டாம் நாள் ஒரு குழந்தை அந்தத் தண்ணீரைக் குடித்துத் துப்பியதும், வரட்சிக் கரிப்பு என்று அதுவரை பொறுத்திருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

கிணறு அதன்பின் திரும்பவில்லை. மாரியில் சற்று மாறுவதுபோலக் காட்டும். தை பிறக்க மீண்டும் உவர்க்கும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அன்று, உறவினர் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய நேரம், அக்கா முற்றத்தில் நின்று அழுதார். துடக்குக்குள் ஒரு நாள், வெயிலில் கட்டி நின்ற கன்று கத்தியதாம். அருகில் ஒருவரும் இல்லையாம். பொறுக்கமாட்டாமல் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் தன் கையால் அள்ளி வைத்தாராம். "நான் துடக்கோட தொட்டனான். அதுதான் வைரவர் தண்ணியை எடுத்திட்டார்" என்றார். பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். நான்கு அடி தள்ளி நான் நின்றேன். அந்தப் பதினொரு நாளின் ருசி என் வாயிலேயே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றுமுதல் அக்கா கிணற்றைத் தொடவில்லை. குழாய்த் தண்ணீர் வரும்வரை என் மனைவிதான் அவருக்குக் குடம் நிரப்பினார். ஆண்டுதோறும் வைரவருக்குப் பொங்கும்போது, தன் வளவுக்குள்ளேயே, கிணற்றடிப் படலைக் கதவுக்கு வெளியே நின்று கும்பிடுவார். பேத்தியின் வீட்டுக்குக் கிணறு வெட்டித் தண்ணீர் கண்ட அன்று வாகனம் அனுப்பி அழைத்தார்கள். போகவில்லை. "நான் வந்தா அதுவும் பழுதாப் போம்" என்றார். இவை அனைத்தையும் நான் அருகிலிருந்து பார்த்தேன்.

நாடகத்துக்குத் திரும்புகிறேன்.

முதல் நாள் அக்கா வெடிப்பைப் பார்த்தார். உலை திறந்து கிடக்கிறது என்று ஒருவன் ஓடிவந்து சொல்கிறான். அப்படி நடக்க வழியே இல்லை, உனக்குத்தான் மயக்கம் என்று மேலிடத்தான் அவனை அனுப்பிவிடுகிறான். எனக்கு மண்டைதீவுக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. பார்க்க ஏலாமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

இரண்டாம் நாள் ஊரை விட்டுச் சனத்தை ஏற்றப் பேருந்துகள் வரிசையாக நின்றன. சில நாளில் திரும்பிவிடலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

"சில நாளாம்!" என்று அக்கா கையைத் தட்டிச் சிரித்தார். "எங்களுக்கும் ரெண்டு நாள் எண்டுதானே சொன்னவை. நான் அடுப்பில பால்சட்டியை மூடி வைச்சிட்டு வெளிக்கிட்டனான். எத்தினை வருசம் கழிச்சு வந்து பாத்தனாங்கள்?"

"சட்டியும் இல்லை, அடுப்பும் இல்லை."

"வீட்டுக் கூரையே இல்லை. நீ சட்டியைத் தேடுறாய்."

மூன்றாம் நாள்தான் அவர் சிரிப்பை நிறுத்தினார். திரையில் நோயுற்றவர்களின் உடைகளைக் கழற்றித் தனியே குவித்தார்கள். தொட்டவர்கள் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். மனைவியைக் கணவனுக்கு அருகே விடவில்லை. இறந்தவர்களை மற்றவர்களோடு சேர்க்காமல் வேறாகப் புதைத்தார்கள். அக்கா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"தம்பி, உது துடக்குத்தானே?"

"இல்லை அக்கா. உது கதிர்வீச்சு. கண்ணுக்குத் தெரியாத ஒரு விசம்."

"துடக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியுதே? தொட்டால் ஒட்டுது, உடுப்பைக் கழட்டித் தோயோணும், நாள் கணக்கு இருக்கு. எல்லாம் ஒண்டுதான். வெள்ளையளுக்கும் கடைசியில விளங்கியிருக்கு." சற்றுப் பொறுத்து, தன் இரு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானும் உப்பிடித்தான். ஒரு வாளிதான் அள்ளினனான். எத்தினை பேரின்ர தண்ணி போச்சு."

குசினியில் என் மனைவி கரண்டியை வைக்கும் ஓசை கேட்டது.  அவருக்குத் தெரியும். பதிவேட்டை வீட்டில் வைத்து நான் நன்று என்று எழுதிய நாள்களில் அவரும் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்தானே. என்னிடம் ஒருபோதும் கேட்டதில்லை.

நான்காம் நாள் காலை எனக்கு உடம்புக்கு வருத்தம் என்று சொல்லி அனுப்பினேன். ஐந்தாம் நாளும் அவ்வாறே. ஆறாம் நாள் அக்கா, "வருத்தக்காரன் படுத்துக்கொண்டு பாக்கலாம்தானே" என்று தாமே வந்து கதிரையில் இருந்துவிட்டார்.

அன்றைய பாகத்தில் விசாரணை. உலையில் இருந்த பழுது வெடிக்கும் முன்பே சிலருக்குத் தெரியும் என்பது வெளிவருகிறது. தெரிந்த ஒருவர் எழுந்து பேசத் தயங்குகிறார்.

"உவனுக்கு முதலே தெரியுமெண்டால் ஏன் சொல்லேல்லை?" என்று அக்கா கேட்டார்.

"பயமாயிருக்கும்."

"ஆருக்குப் பயம்?"

"ஆருக்குமில்லை. தன்ர மரியாதை போயிடும் எண்டு."

"மரியாதை! எத்தினை குஞ்சு குருமான் செத்துப் போச்சு, உவருக்கு மரியாதை" என்று திரையை நோக்கிக் கையை வீசினார்.

நான் படத்தை நிறுத்தினேன்.

சொல்லும்போது எனக்குக் களைப்பாக மட்டும் இருந்தது. மிசின் ஓடிய நேரத்தையும், பவுசர்க்காரர் சொன்னதையும், நான் எழுதியதையும் வரிசையாகச் சொன்னேன். ஒரு வாளி தண்ணீரால் கிணறு கெடாது, நான் இறைத்ததால்தான் கெட்டது என்றேன். அக்கா தொலைக்காட்சியில் அசையாமல் நின்ற முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை நாள் அப்பிடி எழுதினனி?"

"பதினொரு நாள்."

"நாக்கில தெரிஞ்சது?"

"ஓம்."

"அந்தியேட்டி அண்டைக்கு நான் முத்தத்தில நிண்டு அழேக்கை?"

"தெரியும் அக்கா."

"பேத்தியின்ர கிணத்துக்கு நான் போகேல்லை. அண்டைக்கு வந்து என்னைக் கூப்பிட்டனி. 'வாங்கோ அக்கா, சனம் என்ன நினைக்கும்' எண்டு கூப்பிட்டனி."

"ஓம்."

"என்னைப் படலைக்கு வெளியில நிக்க விட்டிட்டு, நீ வேட்டியும் கட்டிக்கொண்டு உள்ள நிண்டு பொங்கினனி."

 மன்னிப்பு என்ற சொல்லை ஆயத்தமாக வைத்திருந்தேன். அது வெளியே வரவில்லை. வந்திருந்தாலும் பயன் இருந்திராது. அவர் கதிரையின் கையைப் பிடித்து எழுந்தார். பொட்டுவரை போய்த் திரும்பி, "சோத்துக்கு என்னைப் பாக்க வேண்டாம்" என்று என் மனைவியிடம் சொன்னார். 

மறுநாள் நான் வாசிகசாலைக்குப் போனேன். பழைய நீர்க் குழுவில் எஞ்சியிருப்பவர்கள் மூவர். காலையில் அங்கே பத்திரிகை பார்ப்பார்கள். அவர்களிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் கோபப்படுவார்கள், குறைந்தது வியப்படைவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"அண்ணை, இப்ப ஆர் உந்தக் கிணத்தைப் பற்றிக் கேட்டது?" என்றார் ஒருவர்.

"குழாய் வந்திட்டுதுதானே" என்றார் மற்றவர்.

மூன்றாமவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அந்த வரட்சிக்கு எந்தக் கிணறும் நிண்டிராது. நீங்கள் உதை மண்டைக்குள்ள போட்டு உருட்டாதேங்கோ. வெயிலுக்குள்ள நடந்து வந்தனீங்கள், சோடா ஒண்டு குடியுங்கோ."

சோடா வாங்கித் தந்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். பதின்மூன்று ஆண்டுகளாக எவர் முன் தலைகுனியப் பயந்தேனோ, அவர்கள் எவருக்கும் அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் அக்காவின் படலையில் நின்று, சொல்லிவிட்டேன் என்றேன். அவர் முற்றத்தில் பனங்கிழங்கு ஒடியல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னவை?"

"ஒண்டுமில்லை. சோடா வாங்கித் தந்தவை."

"அவையளுக்கென்ன. அவையளே படலைக்கு வெளியில நிண்டவை?" என்றார். நிமிரவில்லை.

ஏறக்குறைய இரண்டு மாதம் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. பொட்டுக்குள்ளால் என் மனைவி மட்டும் போய்வந்தார். கதிரை காற்றாடிக்குக் கீழே வெறுமையாகக் கிடந்தது. நாடகத்தின் கடைசிப் பகுதியை நான் தனியே பார்க்கவில்லை. பார்க்க மனமும் இல்லை.

வைகாசியில் வைரவர் பொங்கல் வந்தது. நான் விடியவே போய்க் கிணற்றடியைக் கூட்டி, அடுப்புக்குக் கல் வைத்தேன். பொங்கலுக்குத் தண்ணீர் குழாயிலிருந்துதான் பிடிப்பது. சூலத்துக்கு ஊற்றுவதற்கு மட்டும் கிணற்றில் ஒரு வாளி அள்ளுவது வழக்கம். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளும் அதை அள்ளியவன் நான்.

கயிற்றை எடுத்தபோது படலை திறந்தது. அக்கா தோய்ந்து ஈரத் தலையோடு உள்ளே வந்தார். நேரே கிணற்றுக்கட்டுக்கு வந்து கையை நீட்டினார். கயிற்றைக் கொடுத்தேன். வாளியை இறக்கினார். இழுக்கும்போது இரண்டு தரம் நின்று மூச்செடுத்தார். பிடிக்கப் போனேன்.

"விடும். தள்ளி நில்லும்" என்றார். எப்போதும் நீ என்பவர் என்னை அந்நியனைப்போல நீர் என்று அழைத்தது என் வாழ்நாளில் அன்றுதான்.

வாளி கட்டுக்கு வந்தது. சூலத்துக்கு ஊற்றினார். வாளியின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதை வலக்கையில் ஏந்தி என் முன்னால் நீட்டினார்.

"குடியும்."

குனிந்து அவர் கையிலிருந்து குடித்தேன்.

"எப்பிடி இருக்கு?"

"உப்பு" என்றேன்.

"சத்தமாச் சொல்லும். வைரவருக்கும் கேக்கட்டும்."

"உப்பு அக்கா. குடிக்க ஏலாது."

"ஓம்" என்றார். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அரிசி களையப் போனார்.